செவலைக்குக் கிடைத்த ஓய்வு

செவலையைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள் மாலையோடு வந்தார்கள்.

முத்துப்பேச்சி அப்போது வெம்பக்கோட்டை அணையின் தென்கரையை நெருங்கிக்கொண்டிருந்தாள். படகு நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் தூக்குவாளி. கரையில் ஒரு ஜீப்பும் மூன்று பேரும் தெரிந்தார்கள். மூவரில் ஒருவன் கையில் ரோஜா மாலை இருந்தது.

"மாலை ஆருக்குத்தா?" என்றாள் பஞ்சம்மாள். "எனக்குன்னா வாங்கி வையி. வேலை முடிஞ்சு வந்து போட்டுக்கிடுதேன்."

முத்துப்பேச்சி என்ஜினை நிறுத்தினாள். கண்ணாடி போட்ட ஒருவர் கரையோரம் வந்து, "அம்மா, படகக் கரையில ஏத்துங்க. தண்ணியில நிக்கிற வரைக்கும் அது எங்களுக்குச் சேராது" என்றார்.

அவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. பெரிய மனிதர்கள், பூட்ஸ் நனையுமே என்று பார்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். பெண்களை இறக்கிவிட்டு, நாலு பேரைத் தள்ளச் சொல்லி, படகைச் சேற்றுக்கு மேல் காய்ந்த தரைக்கு ஏற்றினாள். அந்த மரியாதைதான் வினையாயிற்று.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். மாலையை வாங்கிப் படகின் மூக்கில் போட்டார். இரண்டடி பின்னால் போய், குதிகாலைச் சேர்த்து, சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்கவே இல்லை.

பெண்கள் படகைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார்," என்றாள் பஞ்சம்மாள், "அது பதிலுக்கு அடிக்காது சார். கையை இறக்கிக்கிடுங்க. நாங்க போகட்டுமா? கேட்டைப் பூட்டிருவாக."

வெள்ளைச் சட்டைக்காரரின் பெயர் ராஜபாண்டியன். மாவட்ட வீரச் சின்னங்கள் மீட்புக் கழகத்தின் தனி அலுவலர். கண்ணாடிக்காரர் எழுத்தர் சேசுராஜ். மாலை பிடித்து நின்றவன் டிரைவர் முனியராஜ். கழகத்தில் இருந்தவர்களே இந்த மூன்று பேர்தான். கழகம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. சூலக்கரைப் பக்கம் ஒரு கட்டடம், ஒரு ஜீப், ஒரு ரப்பர் முத்திரை எல்லாம் கிடைத்துவிட்டன. வீரச் சின்னம் ஒன்றுதான் கிடைக்கவில்லை. சென்னைக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு தடவை கேட்டும்விட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அணைக்கு மீன் வாங்க வந்த முனியராஜ், செவலையின் பின்பக்கம் பெயின்ட் உரிந்த இடத்தில் ஒரு பித்தளைத் தகட்டைப் பார்த்தான். தகட்டில் ஒரு நங்கூரமும் சில எண்களும் இருந்தன. அவன் அதைப் போட்டோ பிடித்தான். போட்டோ எங்கெங்கோ போய்ச் சுற்றி, எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் ஓடிய கடற்படைப் படகு அது என்ற பதிலோடு திரும்பி வந்தது.

பதில் சரிதான். செவலை போரில் ஓடியிருந்தது. கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே குண்டுப் பெட்டிகளையும் காயம்பட்டவர்களையும் சுமந்திருந்தது. அதன் மூக்கில் ஒரு துப்பாக்கி நின்ற தடம்கூட இருந்தது. போர் முடிந்து, வயதாகி, ஏலத்தில் போய், தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அங்கிருந்து ஒரு லோடோடு நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. அந்த முதலாளி அதைத் தீயணைக்கும் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டார். படகின் வேலை தண்ணீரை வெளியே வைத்திருப்பது. இது வருஷக்கணக்கில் தண்ணீரை உள்ளே வைத்திருந்தது. கம்பெனியை மூடியபோது முத்துப்பேச்சி அதை இரும்பு விலைக்கு வாங்கினாள். ஓட்டை அடைத்து, செங்காவிப் பெயின்ட் அடித்து, கிணற்று பம்புசெட்டின் டீசல் என்ஜினைப் பொருத்தி, அணையில் விட்டாள். நிறத்தைப் பார்த்துப் பெண்கள் செவலை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஊரில் செவலைக் காளைகள் இல்லாமல் போனதால் அந்தப் பெயர் சும்மாதான் கிடந்தது.

விடியும் முன்னே செவலை மீன் வலை இழுக்கும். விடிந்ததும் வடகரைப் பெண்களைத் தென்கரைப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விடும். பொழுது சாய்ந்ததும் கூட்டி வரும். அணையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் பெண்கள் குறுக்கே நடந்தே போய்விடுவார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் செவலைதான் வழி. இல்லாவிட்டால் அணையைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். சுற்றி நடந்தால் கேட் பூட்டிவிடும். மருந்துக் கலவை ஆரம்பித்துவிட்டால் எவரையும் உள்ளே விட மாட்டார்கள். இந்த வருஷம் மேற்கு மலையில் மழை முந்திக்கொண்டது. ஆவணியிலேயே அணை நிறைந்து நின்றது. தீபாவளி சீசன் வேறு.

இதையெல்லாம் முத்துப்பேச்சி ராஜபாண்டியனிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் பேசினார்.

"அம்மா, வங்காள விரிகுடாவில் எதிரியின் குண்டுகளுக்கு நடுவே போன மாவீரர் இவர். இவர் தலையெழுத்து என்ன? ஜிலேபிக் கெண்டை சுமப்பது! பட்டாசுப் பெண்கள் சுமப்பது! நம் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் கடலுக்கான மரியாதை இருக்கிறது. இன்றோடு இவருக்கு ஓய்வு கொடுக்கிறோம். போர் வீரர்கள் இனி வேலை செய்யக் கூடாது."

முத்துப்பேச்சிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "எங்கூர்ல மிலிட்டரியில இருந்து வந்தவுக எல்லாரும் கம்பெனிக்கு வாட்ச்மேனாத்தான சார் இருக்காக?"

"அவர்கள் மனிதர்கள். இது சின்னம்."

"அப்ப இவுகளுக்கு வேற படகு தருவீகளா?"

"தாராளமாக மனுக் கொடுங்கள். ஆனால் எங்கள் கழகம் போரில் கலந்துகொண்ட படகுகளை மட்டும்தான் கையாளும். அப்படி வேறு படகு எங்காவது இருந்தால் சொல்லுங்கள். அதையும் மீட்டுவிடுகிறோம்."

மறுநாள் லாரி வந்தது. ஏற்றும் முன் சேசுராஜ் என்ஜினைச் சுற்றி வந்து பார்த்தார். போர்க்காலத்தில் அது படகில் இல்லை என்பதால் அதை ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டார். ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டு முத்துப்பேச்சியின் வீட்டு வாசலில் இறக்கப்பட்டது. அவள் அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினாள்.

கழகத்தின் முற்றத்தில் செவலைக்கு ஒரு பீடம் கட்டினார்கள். கருங்கல்லில் வாசகம் பொறிக்க வேண்டியிருந்தது. ராஜபாண்டியன் மூன்று நாள் யோசித்து எழுதினார்: 'கடமையைச் செய்து முடித்து, உரிய ஓய்வு பெற்று, இனி எந்த வேலையும் செய்யாமல் இங்கே வீற்றிருக்கிறது.' சேசுராஜ் அதில், 'இங்கே' என்பதற்கு முன்னால் 'பொதுமக்கள் செலவில்' என்று சேர்க்கச் சொன்னார். இல்லையென்றால் தணிக்கையில் கேட்பார்களாம்.

பீடத்தில் ஏற்றும் முன் ஒரு சிக்கல் வந்தது. படகில் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்திருக்கிறது. அரசுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளில் வெடிமருந்துத் தடயம் இருக்கக் கூடாது. மதுரையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். படகின் முந்தைய பொறுப்பாளர் என்று முத்துப்பேச்சியையும் கூப்பிட்டிருந்தார்கள். நிபுணர் உட்காரும் பலகைகளைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சைக் குப்பியில் போட்டுக் குலுக்கினார். இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. அதைக் கேட்கவும் அவளைக் கூப்பிட்டார்கள்.

கந்தகம் இருந்தது. வெடியுப்பு இருந்தது. அலுமினியப் பொடி நிறைய இருந்தது. சிவப்பு வெளிச்சம் தரும் ஓர் உப்பும் இருந்தது.

ராஜபாண்டியன் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐம்பது வருஷம்! ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் போரின் மருந்து இவர் உடம்பை விட்டுப் போகவில்லை. சிவப்பு வெளிச்சம்! எதிரி வருகிறான் என்று சைகை காட்டியிருக்கிறார்!"

"சார்," என்றாள் முத்துப்பேச்சி, "அது பஞ்சம்மாக்கா உக்காருற எடம். அவுக தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைச்சுக் கெட்டிக்கிறவுக. சேலையில இருந்து உதிர்ந்திருக்கும்."

"உங்கள் வெள்ளந்தித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் இது அறிவியல்."

"அந்தச் சிவப்பு உப்பு, பக்கத்துல உக்காருற யோகேஸ்வரியோடது சார். அவ மத்தாப்பு செட்டு."

ராஜபாண்டியன் சிரித்தார். படகைப் பற்றிய சிற்றேட்டில் 'இன்றும் கந்தகம் கமழும் நெஞ்சம்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. தடயம் இருந்தால் வைக்கக் கூடாது என்ற விதியை எவரும் நினைவூட்டவில்லை. வீரத்தின் தடயத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று சேசுராஜ் கோப்பில் எழுதிவிட்டிருந்தார்.

அடுத்து ஓய்வூதியப் பிரச்சினை. ஓய்வு பெற்றவருக்குப் பராமரிப்புத் தொகை உண்டு. தொகை வேண்டுமானால் ஓய்வு பெற்றவர் உயிரோடு இருக்கிறார் என்று நேரில் வந்து காட்ட வேண்டும். செவலை முற்றத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. ஆனாலும் நேர்காணல் அலுவலகத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்று விதி. வாசலை இடிக்கலாமா என்று ஒரு கூட்டம் நடந்தது. கடைசியில் சேசுராஜின் மேசையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த இடத்தை அன்று ஒரு மணி நேரத்துக்கு அலுவலகம் என்று அறிவித்தார்கள். சேசுராஜ் படகைப் பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. 'காது கேட்கவில்லை, மற்றபடி நலம்' என்று பதிந்தார்.

வடகரையில் இதற்குள் நிலைமை மோசமாகியிருந்தது.

பெண்கள் இருட்டோடு எழுந்து அணையைச் சுற்றி நடந்தார்கள். பிந்திப் போனவர்களைக் கம்பெனி ஃபோர்மேன் திருப்பி அனுப்பினார். சீசன் முடிந்தால் மறுபடி ஆர்டர் எப்போது என்று தெரியாது. இப்போது விட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வீட்டு அடகையும் பற்றிப் பேசவே முடியாது. பஞ்சம்மாள் ஒரு லாரி டியூபைத் தேடிப் பிடித்தாள். காற்றடித்து, தூக்குவாளியை முதுகில் வைத்து முந்தானையால் கட்டிக்கொண்டு, டியூபில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே அக்கரைக்குப் போனாள். முதல் நாள் போய்விட்டாள். இரண்டாம் நாளும் போனாள். அவளைப் பார்த்து யோகேஸ்வரியும் ஒரு டியூப் வாங்கினாள்.

மூன்றாம் நாள் தண்ணீரில் மூழ்கி நின்ற கருவேல முள் குத்திப் பஞ்சம்மாளின் டியூப் நடுவில் புஸ்ஸென்று போனது.

வடகரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள். அப்படியே குதித்தாள். பஞ்சம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கரைக்குக் கொண்டு வந்தபோது இரண்டு பேருக்குமே மூச்சு இரைத்தது. பஞ்சம்மாள் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாள்.

"சோத்து வாளி போச்சே பேச்சி," என்றாள் முதல் வார்த்தையாக.

"உசுரு போயிருக்கும்க்கா."

"உசுரு போனா அந்த மாலைக்காரரு வந்து எனக்கும் ஒரு சல்யூட் அடிச்சிருப்பாரு. நமக்கு வேலை செய்யும்போது ஒண்ணுமில்ல, செத்தாத்தான எல்லாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே நின்று, உடம்பு நடுங்க ஆரம்பித்தது. முத்துப்பேச்சி அவளைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் யோகேஸ்வரியின் டியூபைப் பிடுங்கித் தன் வீட்டு உத்தரத்தில் கட்டிவைத்தாள்.

அதே வாரம் முனியராஜ் ஜீப்பில் வந்தான். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். படகுக்குள் மழைத் தண்ணீர் நிறைந்து கொசு முட்டையிட்டிருந்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து வீரச் சின்னத்துக்கு அபராதம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படகை எப்படிக் கழுவுவது என்று கழகத்தில் எவருக்கும் தெரியவில்லை.

"நீங்க வந்து ஒரு கை பாத்தாத் தேவலக்கா," என்றான். "ஐயா சொல்லிவிட்டாரு."

முத்துப்பேச்சி போனாள். செவலை பீடத்தின் மேல் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. நாரணாபுரத்தில் நின்ற அதே மாதிரி. அவள் படகின் அடி ஓட்டையை அடைத்திருந்த முளையைப் பிடுங்கித் தண்ணீரை வடித்தாள். பாசி தேய்த்தாள். பலகைகளை அழுத்தமாகத் துடைத்தாள். வீரம் முழுவதும் துணியில் வந்துவிட்டது.

சாயங்காலம் பூஜை. முனியராஜ் ஜீப்புக்குச் சந்தனம் வைத்தான். கம்ப்யூட்டருக்கு வைத்தான். ரப்பர் முத்திரைக்கு வைத்தான். சேசுராஜின் மேசையில் இருந்த பஞ்சிங் மெஷினுக்கு வைக்கும்போது, கிறிஸ்தவரான அவர், "வேதக்காரன் மேசைக்கு எதுக்குப்பா?" என்றார். "மேசை உங்களதா சார், கவர்மென்ட்டுது," என்று சொல்லி அதற்கும் வைத்தான். கடைசியில் செவலையின் மூக்குக்கு மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். ராஜபாண்டியன் பூசணிக்காயைத் தம் கையாலேயே உடைத்தார். அவருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. அதனால் இரண்டு பூசணிக்காய்.

பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். முத்துப்பேச்சி ஓரமாக நின்று வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு லீவுதான?" என்றார் சேசுராஜ்.

"லீவுதான். ஆனா வந்துட்டுப் போகணும் சார்," என்றான் முனியராஜ். "நான் ஜீப்பை ஒரு ரவுண்டு எடுப்பேன். நீங்க ஒரு லெட்டராவது அடிக்கணும். பூசை போட்ட சாமானை மறுநா தொட்டு வேலை செய்யாம விடப்படாது."

இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பட்டாசுக் கம்பெனிகளில் விஜயதசமி அன்று ஒரு சரமாவது பின்னிவிட்டுத்தான் வருவார்கள். பின்னாத வருஷம் முதலாளிக்கே தூக்கம் வராது. மருந்தோடு புழங்குகிறவர்கள் இதில் விளையாடுவதில்லை.

முத்துப்பேச்சி பொரியை மென்று விழுங்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப செவலை சார்?"

ராஜபாண்டியன் சுண்டல் தொன்னையோடு நின்றார். "என்ன செவலை?"

"அதுக்கும் பூசை போட்டாச்சே. நாளைக்கு எடுக்காம விட்டா..." அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. வாயில் வைத்துச் சொல்லக் கூடாத விஷயம். "ஒங்க கையால வேற காய் ஒடச்சிட்டீகளே சார்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அதில் முழு நம்பிக்கை இருந்தது. பூசைக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முனியராஜின் முகம் வெளுத்தது. "ஆமய்யா," என்றான்.

ராஜபாண்டியன் தொன்னையைக் கீழே வைத்தார். "இது ஓய்வு பெற்ற படகு. வேலை செய்யக் கூடாது. கல்வெட்டே இருக்கிறது."

"அப்பன்னா பூசை போட்டிருக்கப்படாதுய்யா. போட்டாச்சே."

அவர் வீட்டுக்கு போன் போட்டார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் பேசியது முற்றம் வரை கேட்டது. போனை வைத்துவிட்டு வந்தபோது அவர் ஒரு முடிவோடு இருந்தார். காலையில் ஒரு டேங்கர் தண்ணீரைப் பீடத்தின் மேல் அடிப்பது. படகு தண்ணீரைத் தொட்டுவிடும். சடங்கும் முடிந்துவிடும்.

"ஐயா," என்றான் முனியராஜ், "ஜீப்புக்கு டீசல் ஊத்தினா ஓட்டினதா ஆகிருமா?"

பூசணிக்காயின் சிவப்புத் தண்ணீர் பீடத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று இரவுக்குள் ஓர் ஆணை தயாரானது. 'சடங்கு நிமித்தம் ஒரு முறை மட்டும் நீரில் இயக்குதல்.' லாரி ஏற்பாடானது. எதை வைத்து இயக்குவது என்று கேள்வி வந்தபோது, ஆக்கிரமிப்பைத் தற்காலிகமாக அனுமதிக்கலாம் என்று சேசுராஜ் ஒரு வரி சேர்த்தார். முத்துப்பேச்சி வீட்டுக்குப் போய்ச் சாக்கை விலக்கி என்ஜினுக்கு எண்ணெய் விட்டாள்.

விஜயதசமிக் காலையில் லாரி வடகரைக்கு வந்தது. அங்கே பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களும் அக்கரைக்குப் போய் ஆளுக்கொரு சரம் பின்னிவிட்டு வர வேண்டும்.

"இவர்கள் எதற்கு?" என்றார் ராஜபாண்டியன்.

"சும்மா ஓட்டினா அது வேலை இல்லய்யா, வேடிக்கை," என்றான் முனியராஜ். அவன் இப்போது தனி அலுவலருக்கு மேலான ஓர் அதிகாரத்தில் இருந்தான்.

முத்துப்பேச்சி என்ஜினைப் பொருத்தியதும் பெண்களே படகைத் தள்ளி இறக்கினார்கள். செவலை தண்ணீரில் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. முத்துப்பேச்சி என்ஜினைச் சுற்றிவிட்டாள். இரண்டு தடவை இருமிவிட்டு அது பிடித்துக்கொண்டது. ராஜபாண்டியன் நடுப்பலகையில், பஞ்சம்மாளுக்கும் யோகேஸ்வரிக்கும் நடுவே உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை.

"சார், நல்லாச் சாஞ்சு உக்காருங்க," என்றாள் பஞ்சம்மாள். "வீரம் சட்டையில ஒட்டும், பாத்துக்கிடுங்க."

நடு அணையில் காற்று வீசியதும் அவர் முகம் மாறியது. எழுந்து நின்று வங்காள விரிகுடாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். படகு ஆடியது. "ஒக்காருங்க சார்!" என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். உட்கார்ந்துவிட்டார்.

தென்கரையில் பெண்கள் இறங்கி ஓடினார்கள். கேட் திறந்திருந்தது.

திரும்பி வந்தபோது வடகரையில் லாரி தயாராக நின்றது. கயிற்றோடு ஆட்கள் நின்றார்கள். கரைக்கு முன்னால், முழங்கால் ஆழத்தில், முத்துப்பேச்சி என்ஜினை நிறுத்தினாள். நங்கூரக் கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள்.

"ஏன் இங்கே நிறுத்துகிறீர்கள்? கரையில் ஏற்றுங்கள்," என்றார் ராஜபாண்டியன்.

"இங்கனயே எறங்கிக்கிடுங்க சார். ஆழமில்ல."

"அம்மா, இது கழகத்தின் படகு!"

"தண்ணியில நிக்கிற வரைக்கும் ஒங்களுக்குச் சேராதுன்னு அன்னைக்கு ஒங்க சார்தான் சொன்னாக."

ராஜபாண்டியன் கரையில் நின்ற சேசுராஜைப் பார்த்தார். சேசுராஜ் தம் செருப்பைப் பார்த்தார். பிறகு, "விதி அப்படித்தான் சார்," என்றார். "தரையில இருந்தா நம்ம கழகம். தண்ணியில இருந்தா சென்னையில நீர்ப்பிரிவு. நாம தொட்டா அத்துமீறல்."

"அப்படியென்றால் நீர்ப்பிரிவுக்கு எழுதுங்கள்!"

"நீர்ப்பிரிவு இன்னும் ஆரம்பிக்கல சார். ஆரம்பிக்கிற கோப்பு அவுக ஒப்புதலுக்குப் போயிருக்கு."

தனி அலுவலர் கீழே சேற்றை எட்டிப் பார்த்தார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முத்துப்பேச்சி அவர் விழாமல் இருக்கத் தோளைக் கொடுத்தாள். அவர் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு காலாகப் பிடுங்கி வைத்து, கரையேறினார். சல்யூட் அடிக்க மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து செவலை கரையேறுவதே இல்லை. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து ஏறுகிறார்கள். பஞ்சம்மாள் புது வாளி வாங்கிவிட்டாள். கோடையில் தண்ணீர் வற்றினால் எடுத்துக்கொள்ளலாம் என்று கழகம் ஆள் அனுப்பிப் பார்த்தது. மதகை ஒட்டிய பள்ளத்தில் செவலை மிதந்துகொண்டிருந்தது. போன ஆள் தண்ணீரின் ஆழத்தை அளந்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

மறு வருஷம் விஜயதசமிக்கு மறுநாள் முனியராஜ் மீன் வாங்க வந்தான். முத்துப்பேச்சி வலையிலிருந்து கெண்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீசுல பூசை எல்லாம் போட்டீகளா தம்பி?"

"போட்டோம்க்கா. ஜீப்பு, கம்ப்யூட்டரு, எல்லாத்துக்கும் சந்தனம் வச்சேன். பழக்கத்துல அந்தப் பீடத்துக்கும் வச்சுட்டேன்."

அவள் கை நின்றது. "வெறும் பீடத்துக்கா?"

"வெறும் பீடந்தான். வச்சப்புறந்தான் ரோசனை வந்துச்சு. பூசை போட்ட சாமானை மறுநா சும்மா விடப்படாதே. ஐயாவுக்கு வேற பதவி உயர்வு இன்னும் வரல."

"அப்புறம்?"

"நேத்து விடிய அவரே வந்துட்டாருக்கா. பீடத்துக்கு வேலைன்னா எதையாச்சும் சுமக்கிறதுதான? மேல ஏறி ஒரு மணி நேரம் நின்னாரு."

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. பாவம், வெயிலாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். ஏதாவது ஒரு வேலைக்கு வந்ததே அந்தக் கல். அவர் காலுக்குக் கீழே எழுத்துகள் மட்டும் அப்படியே இருந்ததாக முனியராஜ் சொன்னான். புதுச் சந்தனம் பட்டு இன்னும் தெளிவாகத் தெரிந்தனவாம்:

'கடமையைச் செய்து முடித்து, உரிய ஓய்வு பெற்று, இனி எந்த வேலையும் செய்யாமல், பொதுமக்கள் செலவில் இங்கே வீற்றிருக்கிறது.'